கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு, இரண்டு பேர் மட்டும்

கேட்டிருப்பவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி. 28 அடி நீளமான பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கி, திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி வைத்திருக்கிறார். போல்கொடை ஏரியில் மூன்று வருடம் சின்னப் படகில் பாய் பிடித்துப் பழகியவர். ஏப்ரலில் மனைவியோடு தெற்குக் கரையைச் சுற்றித் திருகோணமலைக்குப் போக ஆசை. "அவவுக்குப் படகு ஓட்டத் தெரியாது, ஆனால் துணைக்கு வருவா, சமைத்துத் தருவா. இது சரிவருமா, எத்தனை நாள் பிடிக்கும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

சரிவரும், தம்பி. ஆனால் "துணைக்கு வருவா" என்ற அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு வாருங்கள். பாய்ப்படகில் துணை என்று ஒரு வேலையே கிடையாது. இரண்டு பேர் மட்டும் போகிற படகு, உண்மையில் ஒருவர் தனியாக ஓட்டுகிற படகு. மற்றவர் கீழே தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது சத்தி எடுத்துக் கிடப்பார், அல்லது எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். இரவில் நீங்கள் தூங்கும் மூன்று மணி நேரமும் உங்கள் மனைவி, அந்தத் தங்கச்சிதான் கப்டன். அவவுக்கு ஓட்டத் தெரியாது என்றால் நீங்கள் தூங்க ஏலாது. தூங்காத மனுசன் இரண்டாம் நாள் விடியற்காலையில் வெளிச்சவீட்டைக் கப்பல் என்பான், கப்பலை வெளிச்சவீடு என்பான்.

இதை அறிவுரையாகச் சொல்லவில்லை, பட்டதைச் சொல்கிறேன். சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கரைக்கு வந்த பிறகு 31 அடிப் படகு ஒன்று வாங்கினோம். முதல் இரண்டு வருடமும் நீங்கள் நினைக்கிற மாதிரித்தான் ஓடினோம்: நான் ஓட்டுவேன், மனைவி தேத்தண்ணி தருவா. மூன்றாம் வருடம் அவவே, "எனக்கும் காட்டித் தாருங்கோ, சும்மா இருந்து இடுப்பு நோகுது" என்று கேட்டா. நல்ல காலம், கேட்டா.

அந்த மார்ச் மாதம் பேருவளையிலிருந்து காலிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்னேரம் இரண்டு மணி, அம்பலாங்கொடைக்கு நேரே. கடற்காற்று வடமேற்கிலிருந்து பின்பக்கமாகத் தள்ளுகிறது, படகு அருமையாக ஓடுகிறது. பின்காற்றில் ஓடும்போது பெரிய பாயின் அடிக்கட்டையை, அதுதான் பூம் என்பது, அதன் நுனியிலிருந்து அணியத்துக்கு ஒரு கயிறு போட்டுக் கட்டி வைக்க வேண்டும். கடற்கரை வடிவாக இருக்கிறது, காற்றும் ஒரே சீராக இருக்கிறது என்று அன்றைக்கு நான் கட்டவில்லை. எழுந்து நின்று ஒரு சின்ன வேலை பார்த்தேன். ஒரு அலை பின்புறத்தைத் தூக்கித் திருப்பியது, பாய் மறுபக்கம் பாய்ந்தது. பூம் தலைக்கு வந்தது, கையைத் தூக்கினேன். இடது மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவ கத்தவில்லை. படகைக் காற்றுக்குள் திருப்பி, முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமலே மறுபக்கம் போகவிட்டு, சுக்கான் கைபிடியைக் காற்றுப் போகிற பக்கம் தள்ளிக் கட்டினா. படகு ஓடாமல், குதிக்காமல், கட்டிப் போட்ட மாடு மாதிரி நின்றது. பிறகு கீழே போய்ச் சிரட்டை அகப்பையின் காம்பை முறித்து எடுத்து வந்து, துவாயால் என் கையோடு வைத்துக் கட்டினா. ஹிக்கடுவை பக்கம்தானே, அங்கே போவோம் என்றேன். "அந்தத் துறைமுக வாயை நான் பார்த்ததில்லை, பவளப்பாறை வேற கிடக்கு. காலிக்குள்ளே ஒருக்காப் போயிருக்கிறன், அங்கேயே போவம்" என்றா. வெளிச்சம் போவதற்கு நாலு மணித்தியாலம் இருந்தது. பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாயும் எஞ்சினுமாக ஓட்டி, வானொலியில் 16ஆம் அலைவரிசையில் துறைமுகத்தைக் கூப்பிட்டு, ஆறு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தா. தெரியாத கிட்டத்து வாயைவிடத் தெரிந்த தூரத்து வாய் நல்லது என்ற முடிவை நான் எடுக்கவில்லை. அந்த நேரம் எனக்கு முடிவெடுக்கிற தலை இல்லை.

அதனால் ஏப்ரலுக்கு முன் தங்கச்சி பழக வேண்டியவை என்னவென்றால், முதலாவது, நான் மேலே சொன்ன அந்த நிறுத்தம். ஆங்கிலக்காரர் ஹீவ்-டு என்பார்கள். முன்பாயின் கயிற்றை விடாமல் படகைத் திருப்பினால் முன்பாய் எதிர்ப்பக்கம் ஊதும். சுக்கான் அதற்கு எதிராகத் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளப் படகு மெதுவாகப் பக்கவாட்டில் நழுவிக்கொண்டு நிற்கும். சோறு வடிக்கவும், பாயைச் சுருக்கவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், விடியும்வரை துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கவும் இதுதான் வழி. ஒவ்வொரு படகும் இதில் ஒவ்வொரு விதம். உங்கள் படகு எப்படி நிற்கிறது என்பதை நீர்கொழும்புக் கடலில் பத்துத் தடவையாவது செய்து பாருங்கள். பத்தில் எட்டைத் தங்கச்சி செய்யட்டும்.

இரண்டாவது, கடலில் விழுந்தவரை ஏற்றுவது. படகைத் திருப்பிக்கொண்டு ஆளிடம் வருவதை எல்லோரும் பழகுவார்கள். அதற்குப் பிறகுதான் பிரச்சினை: நனைந்த உடுப்போடு 80 கிலோ ஆளை 50 கிலோ ஆள் எப்படித் தூக்குவது? கையால் ஏலாது. பாய் ஏற்றும் கயிற்றை அவிழ்த்து, விழுந்தவர் உடம்பில் போட்டிருக்கும் பாதுகாப்புப் பட்டியில் கொளுவி, வின்ச்சில், அதுதான் கயிறு சுற்றி இழுக்கும் உருளையில், சுற்றித் தூக்க வேண்டும். வின்ச் சின்னதென்றால் இடையில் ஒரு கப்பிச் சோடி வேண்டும். கடல் குளம் மாதிரிக் கிடக்கிற ஒரு காலையில், துறைமுகத்துக்குள்ளேயே நீங்கள் தண்ணீரில் குதியுங்கள், அவ தூக்கட்டும். முதல் தடவை அரை மணித்தியாலம் எடுக்கும், சிரிப்பாக இருக்கும். அந்தச் சிரிப்பை அங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். இரவில் பட்டியைக் கொளுவாமல், மற்றவரை எழுப்பாமல், யாரும் கொக்பிட்டை, அதாவது சுக்கான் பிடிக்கிற இடத்தை, விட்டு முன்பக்கம் போகக் கூடாது. ஆண்களுக்கு மட்டும் இன்னொரு வார்த்தை: இரவில் ஓரத்தில் நின்று ஒன்றுக்குப் போகிற வீரம் வேண்டாம். வாளி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வானொலியில் கதைப்பது. கூச்சம் போகும்வரை அவவே கதைக்கட்டும்.

போல்கொடையில் பழகியது வீண் போகாது. ஆனால் அது மூடின தண்ணீர். பாணந்துறையில் ரயில் பாலமும் ரோட்டுப் பாலமும் குறுக்கே நிற்பதால் பாய்மரத்தோடு ஒரு படகும் அதைத் தாண்டி வந்ததில்லை. அலையும் தாண்டி உள்ளே போனதில்லை. அலையில் பாய் பிடிப்பது வேறு கை.

சரி, காலத்துக்கு வருவோம். ஏப்ரல் என்று நீங்கள் சொன்னது சரியான மாதம், காரணமும் தெரிந்திருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று. மேற்குக் கரையும் தெற்குக் கரையும் கொந்தளிக்கும், கிழக்குக் கரை காற்று மறைவில் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை, வடகிழக்குக் காற்று. அப்போது கிழக்குக் கரைக்கு அடி, மேற்குக் கரை அமைதி. ஆகவே மேற்கு இன்னும் அமைதியாக இருக்கும்போதே புறப்பட்டு, சோளகம் பிடிக்கிற நேரத்துக்குக் கிழக்குக் கரையில் ஏறிவிட வேண்டும். மார்ச் கடைசியில் கிளம்பி ஏப்ரல் நடுவில் போய்ச் சேர்வது என்று கணக்கு வையுங்கள். புத்தாண்டுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவதால் அந்த வாரம் மீன்பிடித் துறைமுகங்களில் டீசலும் ஆளும் கிடைப்பது கஷ்டம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதங்களில் நாள் முழுக்க ஒரே காற்று இருக்காது. விடியற்காலையில் தரைக்காற்று கரையிலிருந்து மெல்ல வீசும். ஒன்பது பத்து மணிக்குச் செத்துப் போகும். ஒரு மணித்தியாலம் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கடல், எஞ்சின், வெயில். மதியத்தில் கடற்காற்று எழும்பும், பொழுது சாயும்வரை நிற்கும். நீர்கொழும்பில் ஓரு என்கிற பாய்த்தோணி ஓட்டுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த இரண்டு காற்றிலும்தான் போய் வந்தார்கள். அந்த ஓருவைக் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பக்கமிதவை எப்போதும் காற்று வருகிற பக்கத்தில்தான் இருக்கும். திரும்ப வேண்டுமென்றால் ஓருவைத் திருப்ப மாட்டார்கள். பாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றுவார்கள், பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். இரண்டு பேர் அதைச் செய்கிறபோது ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நீங்கள் இருவரும் எட்ட வேண்டிய இடம் அதுதான்.

மார்ச், ஏப்ரலின் கெட்ட குணம் இடி. பின்னேரங்களில் உள்நாட்டில் கறுத்து, கடல் பக்கம் இறங்கும். சுற்றிலும் உயரமாக நிற்பது உங்கள் பாய்மரம் ஒன்றுதான். அதனால் விடிய வெள்ளனக் கிளம்பி மூன்று நாலு மணிக்குள் நங்கூரம் போடுகிற மாதிரித் திட்டமிடுங்கள். இடிக்குள் அகப்பட்டால் கைவானொலி, கைத்தொலைபேசி, ஜிபிஎஸ் மூன்றையும் மூடியுள்ள அலுமினியச் சட்டிக்குள் போட்டு வையுங்கள். பெரிய கருவிகள் எல்லாம் எரிந்துபோனாலும் அது தப்புவதற்கு ஒரு வாய்ப்பு இருக்கும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தல் தமிழிலும் வருகிறது, "கொழும்பிலிருந்து காலி ஊடாக" என்று பகுதி பகுதியாகச் சொல்வார்கள். அவர்கள் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று சொல்வதை, உங்கள் கருவியிலுள்ள நொட் (மணிக்கு எத்தனை கடல் மைல்) கணக்குக்கு மாற்ற ஏறக்குறைய பாதியாக்கிக் கொஞ்சம் கூட்டுங்கள். 30 என்றால் 16 நொட், நல்ல ஓட்டம். 50 என்றால் 27 நொட். அன்றைக்குக் கரையில் இருந்து கடலை வண்டிக்காரரோடு கதையுங்கள்.

வழியைச் சொல்கிறேன். மொத்தம் ஏறக்குறைய 300 கடல் மைல். உங்கள் படகு சராசரி நாலு, நாலரை நொட் ஓடும். எட்டு ஓட்டமாகப் பிரித்தால் இரண்டு இரவு மட்டும்தான் கடலில் கழியும். இளைப்பாறும் நாட்களையும் சேர்த்து இரண்டு வாரம் வையுங்கள்; ஒரு வாரத்தில் முடிக்க வேண்டிய லீவோடு போகாதீர்கள். கடலில் ஆபத்தான பொருள் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம்.

திக்கோவிட்டவிலிருந்து பேருவளை 33 மைல் போல. புறப்பட்ட உடனேயே கொழும்புத் துறைமுகத்தின் வாயைக் குறுக்கே கடக்க வேண்டும். வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களும் இருக்கும். நங்கூரக் கப்பலின் பின்பக்கமாகப் போங்கள், ஓடுகிற கப்பலுக்கு முன்னால் ஒருபோதும் போகாதீர்கள். பாய்ப்படகுக்கு எஞ்சின் கப்பல் வழிவிட வேண்டும் என்று படித்திருப்பீர்கள். திறந்த கடலில் அது உண்மை. துறைமுக வாயிலும் கப்பல் பாதையிலும் சட்டமே மாறுகிறது: அங்கே வழியை மறிக்காமல் விலகி நிற்க வேண்டியவர் நீங்கள். அடிவானத்தில் முளைத்த கொள்கலன் கப்பல் இருபது நிமிடத்தில் தலைக்கு மேல் நிற்கும். 2021ல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிந்து மூழ்கியது இந்தக் கடலில்தான். அந்தப் பிளாஸ்டிக் மணிகள் பிறகு நாங்கள் போட்ட நங்கூரச் சேற்றிலும் வந்தன.

பேருவளையில் பார்பரின் தீவு வெளிச்சவீடு வழிகாட்டும். அங்கிருந்து காலி 30 மைல். காலியில் இரண்டு நாள் நில்லுங்கள். கொழும்பு அலைதாங்கி 1885ல் கட்டி முடியும்வரை பெரிய கப்பல்களுக்குக் காலிதான் துறைமுகம். பாறை நிறைந்த குடா என்பதால் வழி தவறியவற்றுக்குச் சுடுகாடும் அதுவே. 1659ல் மூழ்கிய டச்சுக் கப்பல் அவொன்ட்ஸ்டர் உள்ளேயே கிடக்கிறது. மிதவை வழியை விட்டுக் குறுக்கு வழி தேடாதீர்கள்.

காலியிலிருந்து மிரிஸ்ஸை அரை நாள். அடுத்த நாள் தெவிநுவரை முனையைச் சுற்றித் தங்காலை. இலங்கையின் தென்கோடி அந்த முனைதான். அங்கே 49 மீற்றர் உயரமான வெளிச்சவீடு, நாட்டிலேயே இதுதான் உயரம். இதற்குத் தெற்கே ஓடுவது கிழக்கையும் மேற்கையும் சேர்க்கிற கடற்பாதை. கப்பல்கள் போகவும் வரவும் தனித்தனிப் பாதை பிரித்து விட்டிருக்கிறார்கள். கரைக்கும் அந்தப் பாதைக்கும் நடுவே உங்களுக்கு இடம் இருக்கிறது. கரையிலிருந்து இரண்டு மூன்று மைலுக்குள் நின்றால் போதும். அங்கேயே நீலத் திமிங்கிலமும் வரும். பக்கத்தில் ஒன்று மூச்சு விட்டால் எஞ்சினைத் தணித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். கெமராவை எடுக்க ஓடி விழுகிறவர்கள் உண்டு.

தங்காலையிலிருந்து அம்பாந்தோட்டை 20 மைல். தண்ணீர், டீசல் எல்லாம் அங்கே நிரப்புங்கள், ஏனென்றால் அதற்கு அப்பால் யாலைக் காடு. கரையில் விளக்கே இல்லை. வரைபடத்தில் கிரிந்தை மீன்பிடித் துறைமுகம் தெரியும், நம்பாதீர்கள். கட்டி முடித்த காலத்திலிருந்தே அதன் வாயை மணல் மூடிக்கொண்டிருக்கிறது. கிழக்கே ஒலுவிலுக்கும் அதே கதி. இந்தக் கரையில் மணல் நடந்து திரிகிறது. கல்லைப் போட்டு மறித்தால் கல்லுக்கு முன்னாலேயே குவிகிறது. ஆகவே எந்தச் சின்னத் துறைமுக வாய்க்கும் போகும் முன் அன்றைக்கு அங்கே போய் வந்த மீன்பிடிக்காரரைத் தொலைபேசியில் கேளுங்கள். கரையில் போய் ஒரு தேத்தண்ணி குடித்து நம்பர் வாங்குவது தங்கச்சியின் வேலையாகவே இருக்கட்டும். என் அனுபவத்தில் என்னிடம் சொல்லாததை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அம்பாந்தோட்டையிலிருந்து அறுகம்குடா 70 மைல், முதல் இரவு ஓட்டம். இதில்தான் பெரிய பாசஸ், சின்ன பாசஸ் என்ற இரண்டு பாறைத் திட்டுகள். போர்த்துக்கீசர் ஆழமில்லாத இடத்துக்குச் சொன்ன சொல் அது. சிங்களத்தில் இராவணன் கோட்டை என்பார்கள். இராவணனின் இராச்சியம் அங்கேதான் கடலில் மூழ்கியது என்று கதை. கடல் நடுவில் கல்லின்மேல் கல் அடுக்கி 1873லும் 1878லும் வெளிச்சவீடு கட்டினார்கள். நீரோட்டம் அங்கே வேகம். நண்பகலில் புறப்படுங்கள், முதலாவதைப் பகல் வெளிச்சத்திலேயே கண்ணால் பார்ப்பீர்கள். கரைப்பக்கமாகவும் ஒரு வழி உண்டு. முதல் பயணத்தில் வேண்டாம், இரண்டுக்கும் வெளியால் போங்கள். இரவு ஏழு மணி தொடங்கி மூன்று மூன்று மணித்தியாலமாக முறை மாறுங்கள். முதல் முறையைத் தங்கச்சிக்குக் கொடுங்கள். இருட்டு கண்ணுக்கு முன்னாலேயே மெதுவாக வருவது வேறு, தூக்கத்திலிருந்து எழும்பி நேரே இருட்டுக்குள் வந்து நிற்பது வேறு. அறுகம்குடாவுக்கு நேரத்தோடு வந்துவிட்டால் இருட்டில் உள்ளே போகாமல், வெளியே படகை நிறுத்தி விடியும்வரை காத்திருங்கள்.

இரவில் கப்பலைவிட வலைதான் எனக்குப் பயம். பலநாள் படகுகள் விடும் வலை கிலோமீற்றர் கணக்கில் கிடக்கும். முனைகளில் மினுங்கும் சின்ன விளக்கு, நடுவில் மிதப்பு. விளக்கைக் கண்டால் இதன் சோடி எங்கே என்று தேடுங்கள். சுற்றிப் போக முடியாவிட்டால் இரண்டு மிதப்புக்கு நடுவில், கயிறு தாழ்ந்திருக்கும் இடத்தால், எஞ்சினை நியூட்ரலில் போட்டு நழுவிப் போங்கள். தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் வலை சுற்றினால் பாயில் ஓடுங்கள், விடிந்த பிறகு இறங்கி அறுக்கலாம். பல்லுக் கத்தியும் நீந்தும் கண்ணாடியும் படுக்கைக்கு அடியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வலையை வெட்டினால் அது ஒருவரின் வீட்டுச் சோறு என்பதை மறக்க வேண்டாம். படகு பக்கத்தில் நின்றால் விளக்குக் காட்டிக் கூப்பிடுங்கள், அவர்களே வந்து எடுத்து விடுவார்கள்.

அறுகம்குடாவிலிருந்து கல்குடா 65 மைல், இரண்டாவது இரவு. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் அழகான இடம், ஆனால் மணல்திட்டு வாயை அடைத்துக்கொள்ளும், அடியில் ஆழமாக நீட்டிக்கொண்டிருக்கும் கீல் உள்ள உங்கள் மாதிரிப் படகுக்கு அது வழியல்ல. கல்குடாக் குடாவில் நங்கூரம் போட்டு ஒரு நாள் முழுக்கத் தூங்குங்கள். அங்கிருந்து திருகோணமலை 40 மைல் சொச்சம், பகலோட்டம். கொட்டியாரக் குடாவுக்குள் நுழையும்போது ஆழமானி எண்ணைக் காட்டாமல் கோடு கோடாகக் காட்டினால் கருவி பழுதில்லை. அடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கிறது. ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸும் தகப்பனும் புயலில் பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்து, புதிது போட்டுக்கொண்டு போகலாம் என்று வந்து நங்கூரமிட்டது இந்தக் குடாவில்தான். 1660ல் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் தப்பிப் போக 1679 ஆயிற்று. மாற்றுச் சாமான் கையோடு கொண்டு போகவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. எஞ்சினுக்கு இரண்டு டீசல் வடிகட்டி, நீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் ஒன்று, எஞ்சினில் சுற்றும் பட்டி ஒன்று, பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிக்குத் துண்டுக் கம்பியும் கிளிப்பும். அவ்வளவு போதும்.

கடதாசிகளைப் பற்றி. படகின் பதிவு, இருவரின் அடையாள அட்டை, போகும் வழி, நிற்கும் துறைமுகங்கள், திகதி எல்லாம் எழுதின கடிதம் மூன்று மொழியிலும். ஒவ்வொரு துறைமுகத்திலும் புறப்படும் முன் கடற்படைக்கும் கரையோரக் காவலுக்கும் சொல்லி அனுமதி எடுங்கள். திருகோணமலை கடற்படைத் தளம், அங்கே முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். 2009 வரை இந்தக் கடலில் இரவில் சின்னப் படகு என்றாலே சந்தேகம்தான். அந்த ஞாபகம் இரண்டு பக்கமும் முழுதாகப் போகவில்லை. தமிழ்ப் பெயருள்ள இருவர் விடியற்காலையில் வந்து நிற்கும்போது கேள்வி கூடக் கேட்பார்கள், எங்களையும் ஓர் இடத்தில் நாலு மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. படகு எங்கே நிற்கிறது என்று மற்றவர்களுக்குக் காட்டும் அடையாளக் கருவியை எப்போதும் போட்டு வையுங்கள், கூப்பிட்டால் உடனே பதில் சொல்லுங்கள். அன்றைக்கு எங்களை நிறுத்தி வைத்தவர்களுக்கும் என் மனைவி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. ஒருத்தர் தன் ஊர் மாத்தறை என்று தொடங்கி, தெவிநுவரை நீரோட்டம் பற்றி எனக்குத் தெரியாத இரண்டு விசயம் சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: முதல் இரண்டு நாளும் அடுப்பில் வேலை வைக்காதீர்கள். உள்ளே குனிந்து வெங்காயம் வெட்டினால் யாருக்கும் தலை சுற்றும், பிறகு அவவுக்குக் கடலே பிடிக்காமல் போய்விடும். வீட்டிலிருந்தே புளிச்சோறு, சீனிச்சம்பல், மாசிச்சம்பல், அவித்த முட்டை, இஞ்சி கொண்டு போங்கள். எண்ணெயில் வடிவாக வதக்கின சீனிச்சம்பல் ஒரு வாரம் நிற்கும்; பாண் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு பிஸ்கட்தான். தேங்காய்ப்பால் ஊற்றின கறி அன்றே முடிய வேண்டும். குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லீற்றர் கணக்கு, ஒரே தாங்கியில் இல்லாமல் கலன் கலனாக. சமையலும் முறை வைத்துத்தான். அவ சுக்கானில் என்றால் நீங்கள் அகப்பையில்.

திரும்பி வருவது? உடனே வராதீர்கள். சோளகத்தில் தெற்குக் கரையை மேற்கு நோக்கி ஓட்டினால் காற்றும் நீரோட்டமும் இரண்டும் முகத்தில் அடிக்கும். நவம்பர், டிசம்பரில் வங்காள விரிகுடாவில் புயல். மட்டக்களப்பை 1978 நவம்பரிலும் திருகோணமலைப் பக்கத்தை 1964 டிசம்பரிலும் அடித்தது மறக்கிற அடியல்ல. உள்துறைமுகம் எந்தக் காற்றுக்கும் அடக்கம். படகை அங்கே நம்பிக்கையான ஆளிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வாருங்கள். பெப்ரவரியில் வாடை தளர்ந்ததும் போய் எடுத்தால் காற்றும் நீரோட்டமும் முதுகில் தள்ளிக்கொண்டு வரும். வடக்கால சுற்றி வரலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆதாம் பாலத்தில் எங்கள் பக்கம் கீல் படகுக்குத் தண்ணீர் இல்லை, பாம்பன் கால்வாய் இந்தியாவின் பக்கம். அது வேறு கடதாசி, வேறு கதை.

காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் வல்வெட்டித்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காற்றில் போய், மறு காற்றுவரை நின்று, அதில் திரும்பி வந்துதான் ரங்கூன் அரிசி வியாபாரமே நடந்தது. அங்கே கட்டின அன்னபூரணியை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தன் மனைவியின் பெயரை வைத்தார். 89 அடிக் கப்பல். வல்வெட்டித்துறைத் தண்டையலும், அதுதான் கப்டனும், ஆட்களும் அதில் போய் 1938ல் அமெரிக்காவின் குளொஸ்டரில் இறங்கினார்கள். உங்கள் படகுக்கும் தங்கச்சியின் பெயர்தான் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நல்லது, இனிச் சுக்கானையும் கொடுங்கள்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள், திக்கோவிட்டவிலிருந்து நீர்கொழும்புக்கு அவ ஓட்டட்டும். நீங்கள் கெபினுக்குள் படுத்து, மேல் மூடியைச் சாத்திக்கொள்ளுங்கள். எத்தனை தடவை எழுந்து எட்டிப் பார்த்தீர்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். பத்துக்குக் குறைவென்றால் மார்ச் கடைசியில் கிளம்பலாம்.